சிட்டை, பேரேடு, ஐந்தொகை: மருத்துவம் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு

(சங்கத்தின் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



 

மருத்துவப் பள்ளிக்கு மனுச் செய்யும் மாணவர்கள் தங்கள் தன்விவரக் குறிப்பை, அதாவது ரெஸ்யூமை, எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. நாங்கள் மருத்துவர்கள் அல்லர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தவர்கள். இந்தத் தலைப்பில் வணிகர்கள் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். மருத்துவத்தை மருத்துவர்கள் சொல்லட்டும். ரெஸ்யூம் என்பது கணக்கு எழுதும் வேலை. அது நம் தொழில்.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரில் மருத்துவக் கல்வி தொடங்கியதே வணிகர்களின் முயற்சியால்தான். 1904-இல் தான் ஜியாக் கிம் என்ற வணிகர் தலைமையில் சமூகத் தலைவர்கள் ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். 87,077 வெள்ளி திரட்டினார்கள். அதில் 12,000 வெள்ளி அவர் கொடுத்தது. 1905-இல் பள்ளி திறக்கப்பட்டது. அதன் வழிவந்ததுதான் இன்றைய சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி. ஆகவே நாமும் இதைப் பற்றிப் பேசலாம்.

நம் வீடுகளில் வழக்கமாக என்ன நடக்கிறது? மேல்நிலைத் தேர்வு முடிவு பிப்ரவரி மாதக் கடைசியை ஒட்டி வருகிறது. மார்ச்சில் மனு மூடப்படுகிறது. இடையில் சில வாரங்கள்தான். அப்போதுதான் உம்மா அலமாரியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கோப்பை எடுக்கிறார். பாலர் பள்ளி வண்ணம் தீட்டும் போட்டி முதல் மீலாது விழாப் பேச்சுப் போட்டி வரை எல்லாச் சான்றிதழும் அதில் இருக்கும். மொத்தத்தையும் தட்டச்சு செய்து நான்கு பக்கமாக்கிக் கொண்டு வருகிறார்கள். படித்துப் பார்த்தால் பிள்ளை எத்தனை மேடை ஏறியது என்று தெரிகிறது. நோயாளி ஒருவர் பக்கத்தில் பத்து நிமிடம் பொறுமையாக உட்காரக்கூடிய பிள்ளையா என்று தெரியவில்லை. மருத்துவப் பள்ளி அறிய விரும்புவது அதைத்தான்.

நம் பாட்டனார் கடைகளில் மூன்று கணக்குகள் இருந்தன. அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதுவது சிட்டை. அதைத் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. ஆண்டு முடிவில் ஒரே தாளில் நிலைமையைக் காட்டுவது ஐந்தொகை. ரெஸ்யூம் என்பது ஐந்தொகை. சிட்டையும் பேரேடும் இல்லாமல் ஐந்தொகை எழுத உட்கார்ந்தால் என்ன வரும் என்று வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சிட்டை. தொடக்கக் கல்லூரி முதலாண்டில், முடிந்தால் உயர்நிலை மூன்றிலேயே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கைப்பேசியில் எழுதினாலும் சரி. ஒவ்வொரு தொண்டூழியத்துக்கும் ஆறு விவரம் போதும்: தேதி, இடம், எத்தனை மணி நேரம், நீங்கள் செய்த வேலை, மேற்பார்வையிட்டவர் யார், அன்று நீங்கள் கவனித்தது என்ன. கடைசி வரிதான் பொன். “இன்று ஒரு முதியவர் சாப்பிட மறுத்தார். தாதி தட்டை அவர் இடக்கைப் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சாப்பிட்டார்.” இது போன்ற ஒரு வரியை ஈராண்டு கழித்து நினைவிலிருந்து எழுத முடியாது. ஒரே ஒரு கட்டுப்பாடு: நோயாளியின் பெயர், அறை எண், அவரை அடையாளம் காட்டும் எதையும் எழுதக்கூடாது. மருத்துவரின் முதல் ஒழுக்கத்தை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பேரேடு. சிட்டையில் உள்ளதை ஆறு தலைப்புகளில் பிரியுங்கள். கல்வி, நோயாளிகளோடும் முதியோரோடும் பெற்ற அனுபவம், சமூகத் தொண்டு, பொறுப்பு வகித்த இணைப்பாட நடவடிக்கை, ஆய்வு, போட்டி, விருது, வேலை மற்றும் குடும்பப் பொறுப்பு. ஆண் பிள்ளைகள் தேசிய சேவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படையில் மருத்துவ உதவியாளராகப் பயிற்சி பெற்றவர்களிடம் மிக நல்ல அனுபவம் இருக்கிறது.

ஆறாவது தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அதை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். கேட்டால், “அதுக்கெல்லாம் சர்டிபிகேட் இல்லையே” என்கிறார்கள். வீட்டில் நீரிழிவு உள்ள பாட்டிமாவுக்குத் தினமும் சர்க்கரை அளவு பார்த்துக் குறித்து வைப்பது யார்? பேத்தி. பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போய், மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது யார்? பேரன். வாரக் கடைசியில் வாப்பாவின் கடையில் நின்று, முகம் சுளித்து வரும் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி அனுப்புவது யார்? அதே பிள்ளைதான். வெளிநாட்டில் மருத்துவமனைச் சுற்றுப்பயணம் போகப் பணம் உள்ளவர்கள் போகட்டும். இரண்டு ஆண்டுகள் பாட்டிமாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்த பிள்ளை அதைவிடக் குறைந்த அனுபவம் பெற்றவர் அல்லர். அதற்குச் சான்றிதழ் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நேர்காணலில் அதைப் பற்றி அரை மணி நேரம் பேச அந்தப் பிள்ளையால் முடியும்.

மொழியும் அப்படித்தான். 2020-இல் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கோவிட் பரவியபோது, தமிழும் வங்காளமும் தெரிந்தவர்கள் மருத்துவக் குழுக்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பதை இந்த நாடே பார்த்தது. தமிழில் ஒரு நோயாளியிடம் “எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து” என்று தயங்காமல் கேட்கத் தெரிந்தால் அதை ரெஸ்யூமில் எழுதுங்கள். “தமிழ்: நன்கு பேசுவேன், எழுதுவேன்” என்ற ஒரு வரியை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது ஐந்தொகை. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தலைப்பிலும் அண்மையில் செய்தது மேலே வரட்டும். ஒவ்வொரு பதிவிலும் காலம், இடம், உங்கள் பொறுப்பு, மணி நேரம் இருக்கட்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். “தாதிமை இல்லத்தில் தொண்டூழியம் செய்தேன். மிகவும் பயனுள்ள அனுபவமாக இருந்தது” என்று ஒரு மாணவி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எதுவும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: “தாதிமை இல்லத் தொண்டூழியர், ஜனவரி முதல் அக்டோபர் வரை, சனிக்கிழமைகளில் 2 மணி நேரம், மொத்தம் 64 மணி. தமிழ் மட்டும் பேசும் மூன்று முதியவர்களுக்குச் செய்தித்தாள் வாசித்தேன். உணவு நேரத்தில் தாதியருக்கு உதவினேன்.” இதில் பெருமைச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் படிப்பவருக்கு அந்தப் பிள்ளை கண்ணுக்குத் தெரிகிறது.

விடவேண்டியவை எவை? தொடக்கப்பள்ளிப் பரிசுகளை விட்டுவிடுங்கள். ஒரு நாள் மட்டும் போய்ப் படம் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சிகளையும் விட்டுவிடுங்கள். கேட்கப்படாத இடத்தில் அடையாள அட்டை எண் வேண்டாம். உதவி செய்ததை “தலைமை தாங்கினேன்” என்று எழுதாதீர்கள். பாட்டிமாவுக்கு எடுத்துச் சொன்னவர் “மருத்துவ மொழிபெயர்ப்பாளர்” ஆகிவிட மாட்டார். உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும்.

ரெஸ்யூம் தயாரானதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று படிவமும் சொல் வரம்பும் வைத்திருக்கிறது. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். உங்கள் பேரேடு கையில் இருந்தால் எந்தப் படிவத்தையும் அதிலிருந்து நிரப்பலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே எம்.எம்.ஐ. என்ற முறையில் நேர்காணல் நடக்கிறது. ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள்தான். மனப்பாடம் அங்கே உதவாது. உண்மையாகப் பார்த்தது மட்டுமே நாவில் வரும். இந்தப் பள்ளிக்கு யூகேட் தேர்வும் எழுத வேண்டும். அது ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். முடிவு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பாடத் தகுதியையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு பள்ளிகளும் எச்2 நிலையில் வேதியியலும், அதோடு உயிரியல் அல்லது இயற்பியலும் கேட்கின்றன. தொடக்கக் கல்லூரியில் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இது தெரிந்திருக்க வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வழி முழுவதும் அடைபட்டுவிடவில்லை. எந்த டிப்ளோமாக்கள் ஏற்கப்படும் என்பதைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு துறையில் பட்டம் வாங்கிய பிறகு மருத்துவம் படிக்க டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி இருக்கிறது. அங்கே நான்கு ஆண்டுப் படிப்பு. ரெஸ்யூம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பெண்ணுக்கு அது ஈடாகாது. இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். மனுக் காலம் வந்தால் சங்கத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கடிதம் கேட்டு வருகிறார்கள். “பையன் தொண்டூழியம் செய்தான்னு ஒரு கடிதம் கொடுங்க, மணி நேரம் கொஞ்சம் கூட்டிப் போடுங்க, நம்ம பிள்ளைதானே” என்கிறார்கள். கேட்பவர் மாமாவாக இருப்பார், மச்சானாக இருப்பார். மறுப்பது சங்கடம்தான். ஆனால் சங்கத்தின் முத்திரை அமானிதம். நடக்காததை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய்ச்சாட்சி. அது பெரும்பாவம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலக நஷ்டமும் உண்டு. எழுதாத சிட்டைக்குக் கணக்குக் கேட்டால் பிள்ளை நேர்காணலில் விழிக்கும். ஒரு கடிதம் பொய் என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு உண்மையாக உழைத்த பிள்ளைக்கு நாம் தரும் கடிதத்துக்கும் மதிப்பிருக்காது. எடையில் ஒரு முறை ஏமாற்றிய கடைக்கு யார் மறுபடி வருவார்கள்?

இதற்கு ஒரு வழி சொல்கிறோம். இந்தப் பொன்விழா ஆண்டிலிருந்து சங்கம் ஒரு வருகைப் பதிவேடு வைக்கட்டும். ரமலானில் நோன்புக் கஞ்சி ஊற்றி வீடு வீடாகக் கொடுக்கும் பிள்ளைகள், துணைப்பாட வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள், இரத்த தான முகாமில் நாற்காலி போடுபவர்கள் எல்லாரும் வரும்போதும் போகும்போதும் அதில் கையெழுத்துப் போடட்டும். செயலாளர் அதைப் பார்த்துக் கடிதம் தரட்டும். பதிவேட்டில் 18 மணி இருந்தால் கடிதத்திலும் 18 மணிதான். அப்படிப்பட்ட கடிதத்தை நாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தலைநிமிர்ந்து நீட்டலாம்.

சான்றுரை தருபவர் விஷயத்திலும் இதே பேச்சுத்தான். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலையாதீர்கள். உங்களை ஓராண்டாகப் பார்த்த ஆசிரியரும், தொண்டூழியத்தில் மேற்பார்வையிட்டவரும் எழுதுவதற்கே எடை அதிகம். முடிவு வரும் முன்பே கேட்டு வையுங்கள். உங்கள் ரெஸ்யூம் பிரதி ஒன்றையும் கொடுங்கள்.

பெற்றோர்களே, ரெஸ்யூமைப் பிள்ளையே எழுதட்டும். நாம் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்போம். படிப்பு ஐந்தாண்டு. அதன் பிறகு சிங்கப்பூர்க் குடிமக்களுக்குச் சுகாதார அமைச்சின்கீழ் ஐந்தாண்டுக் கட்டாயச் சேவை. அந்த ஆண்டுகள் அனைத்தையும் வாழப்போவது பிள்ளை. சிட்டையின் கடைசி வரியை எழுத எழுதப் பிள்ளைக்கே தெரிந்துவிடும், இந்த வேலை தனக்கு வருமா வராதா என்று. வராது என்று தெரிந்தால் அதுவும் லாபம்தான். இடம் கிடைக்காமல் போனாலும் அந்தச் சிட்டை வீணாகாது. தாதிமை, மருந்தியல், உடற்பிடிப்புச் சிகிச்சை என்று நோயாளியின் பக்கத்தில் நிற்கும் தொழில்கள் பல இருக்கின்றன. அங்கேயும் இதே ரெஸ்யூம் உங்களுக்காகப் பேசும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் சிட்டையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். கல்விக் குழுவில் இருக்கும் நாங்கள் உட்கார்ந்து பேரேடு பிரித்துத் தருகிறோம். நம் சமூகத்திலிருந்து நல்ல மருத்துவர்கள் வரவேண்டும். கணக்குச் சுத்தமான மருத்துவர்களாக வரவேண்டும். அதற்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.