மிட்டாய்க்கு எந்தக் கவர்?



இன்றைய பேச்சு மிட்டாயைப் பற்றியது. மிட்டாய் செய்வது எப்படி என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் முந்திரிக்கொத்தும் எள்ளுருண்டையும் கைப்பழக்கம். செய்த பண்டத்தை எதில் பொதிவது? அதுதான் கேள்வி.

இது சின்ன விஷயமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓர் அயல்கூட்டத்தில் ஐந்து பெண்கள் கடலை மிட்டாய் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பாக்கெட் போடுகிறார்கள். ஒரு பாக்கெட்டுக்குச் செலவு 14 ரூபாய். கடைக்காரருக்கு 20 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். செலவு 1400, வரவு 2000, லாபம் 600.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் 10 பாக்கெட்டைத் திருப்பித் தருகிறார். மிட்டாய் நமுத்துவிட்டது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இப்போது வரவு 1800தான். லாபம் 400 ஆகிவிட்டது. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது!

ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நல்ல கவர் வாங்கியிருந்தால்? செலவு 1500. நூறும் விற்றிருந்தால் லாபம் 500. கவரில் ஒரு ரூபாய் மிச்சம் பிடித்தவர்களுக்குக் கடைசியில் 100 ரூபாய் நஷ்டம். காசு மட்டும் போகவில்லை. அந்தக் கடைக்காரர் அடுத்த முறை வாங்குவாரா?

மிட்டாய் ஏன் நமுக்கிறது? வெல்லமும் சர்க்கரையும் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். இந்தப் பக்கத்தில் ஈரத்துக்கு என்ன குறைவு! இடவப்பாதி மழை உண்டு. துலாவர்ஷமும் உண்டு. வருடத்தில் இரண்டு தடவை சுவரே வியர்க்கிறது.

முந்தைய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். பதனீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுத்தார்கள். அதைப் பனை ஓலைப் பெட்டியில் வைத்தார்கள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே உள்ள பரணில் ஏற்றினார்கள். அடுப்பின் சூடும் புகையும் பட்டு ஈரம் அண்டவில்லை. கருப்பட்டி கசியவில்லை. ஓலை காற்றை விடும், ஆனால் வியர்க்காது. பொதிகிற பொருளும் வைக்கிற இடமும் சேர்ந்து வேலை செய்தன. கடையில் அடுப்பும் இல்லை, பரணும் இல்லை. அதனால் இப்போது முழு வேலையும் கவரின் தலையில் விழுகிறது.

ஆகவே அழகான கவர் எது என்று தேடுவதற்கு முன்னால், இந்தப் பண்டம் எதற்குப் பயப்படும் என்று கேளுங்கள்.

கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் ஈரத்துக்குப் பயப்படும். அவற்றுக்கு பி.பி. கவர் நல்லது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கசக்கினால் சரசரவென்று சத்தம் வரும். இதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த டப்பாவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். எண் படிக்கத் தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர் பெயரே அடையாளமாகிவிட்ட பண்டம் அது. அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமானால், வெளியூர்க் கடையில் பிரிக்கும்போதும் மொறுமொறுப்பு இருக்க வேண்டும் அல்லவா?

முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் வறுவல், சர்க்கரை வரட்டி ஆகியவை எண்ணெயில் பொரித்தவை. இவை ஈரத்துக்கும் பயப்படும், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பயப்படும். எண்ணெயில் காற்றுப் பட்டால் சிக்கு வாடை வரும். பி.பி. கவர் ஈரத்தைத் தடுக்கும். காற்றை முழுதாகத் தடுக்காது. ஒரு வாரத்தில் விற்றுப்போகும் என்றால் அது போதும். பல வாரம் கடையில் இருக்க வேண்டுமென்றால் உள்ளே வெள்ளி போல மின்னும் கவர் வேண்டும். பெரிய கம்பெனிகள் சிப்ஸ் பாக்கெட்டை ஏன் ஊதி வைத்திருக்கின்றன? சாதாரணக் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் வாயுவை நிரப்புகிறார்கள். அதனால் வாடை வருவதில்லை. சிப்ஸ் நொறுங்குவதும் இல்லை.

சபரிமலை அரவணை ஏன் டின்னில் வருகிறது என்று யோசித்தது உண்டா? வெல்லமும் நெய்யும் சேர்ந்து இறுகக் காய்ச்சியது அது. தண்ணீர் குறைவு. மூடிய டின்னில் ஈரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. கையில் எடுத்துப் பல ஊர் போகலாம்.

சாக்லேட் வேறு ரகம். இப்போது பல வீடுகளில் பெண்கள் சாக்லேட் செய்து விற்கிறார்கள். அதில் உள்ள கொக்கோ நெய் ஏறத்தாழ 34 டிகிரிச் சூட்டில் உருகிவிடும். உடம்பின் சூடு 37 டிகிரி. அதனால்தான் வாயில் வைத்ததும் கரைகிறது. மேடம் மாத வெயிலில் பையில் வைத்தாலும் கரைந்துவிடும்! எந்தக் கவரும் அதைக் காப்பாற்றாது. அலுமினியத் தாள் வெளிச்சத்தையும் வாடையையும் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. பக்கத்தில் கருவாடு இருந்தால் சாக்லேட் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் அலுமினியத் தாள், அதன்மேல் காகிதம், பிறகு குளிர்ந்த இடம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பிரிக்காதீர்கள். மேலே தண்ணீர் முத்துக் கட்டும். அது காய்ந்தால் வெள்ளைப் பூச்சு வரும். பூஞ்சை என்று பயந்து பலர் எறிந்துவிடுகிறார்கள். அது சர்க்கரை.

கவர் எவ்வளவு நல்லதானாலும் சூடாக இருக்கும் பண்டத்தை உள்ளே போட்டால் கெட்டது. ஆவி உள்ளேயே நீராகி நிற்கும். பால்கோவா போன்றது உடனே பூஞ்சை பிடிக்கும். ஆறட்டும். கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. அவசரத்தில்தான் பலரும் இதைத் தவற விடுகிறார்கள்.

அடுத்தது ஒட்டு. மெழுகுவர்த்தி நெருப்பில் காட்டி ஒட்டும் பழக்கம் உண்டு. ஒரு இடம் உருகும், ஒரு இடம் திறந்திருக்கும். கையால் அழுத்தும் மின்சார சீலர் இருந்தால் ஒட்டு ஒரே சீராக விழும். ஒட்டிய பாக்கெட்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி மெல்ல அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை உண்டு. ஸ்டேப்ளர் பின் அடிக்கவே வேண்டாம். பின் அடித்த இடத்தில் ஓட்டை விழும். பின் கழன்று பிள்ளையின் வாய்க்குள் போனால் என்ன ஆகும்?

பத்திரிகைக் காகிதத்தில் பண்டம் பொதிவதும் கூடாது. அச்சு மை எண்ணெயில் ஊறி உணவில் ஏறும். 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் இதைத் தடை செய்துள்ளன. பத்திரிகையைப் படியுங்கள், போதும்.

பிளாஸ்டிக் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் ஒரு தடவை உபயோகித்து எறியும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் சில பொருள்கள் தடை ஆயின. இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அதில் ஒன்று. மிட்டாய்க்குச் செருகும் பிளாஸ்டிக் குச்சி இன்னொன்று. அட்டைப் பெட்டிக்குச் சணல் கயிறு கட்டினால் போதும். குச்சி மிட்டாய்க்கு மரக்குச்சி போதும். கல்யாண வீட்டுக்குக் கொடுப்பதானால் ஓலைப் பெட்டி இன்றும் நல்லது. உள்ளே பட்டர் பேப்பர் விரித்து அன்றைக்கே கொடுக்கும் பண்டத்தை வையுங்கள்.

இனிக் கவரின் மேல் என்ன எழுதுவது? இங்கேதான் உங்கள் படிப்புக்கு வேலை. உணவுச் சட்டப்படி ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் எழுத வேண்டும். அதோடு வேறு மொழியும் சேர்க்கலாம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் சந்தைக்கு வருகிறவர்கள் இன்றும் இரண்டு மொழியும் பேசுகிறார்கள். இங்கே கடலை மிட்டாய், அங்கே கப்பலண்டி மிட்டாய். இரண்டு பெயரையும் போடுங்கள். ஒரு கவரை இரண்டு பக்கத்திலும் விற்கலாம்.

பெயரோடு நிற்கக் கூடாது. என்னென்ன சேர்த்தது என்று எழுத வேண்டும். நிலக்கடலையும் பாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சுத் திணறும். அந்தத் தாய் கவரைப் படித்துத்தான் பிள்ளைக்குக் கொடுப்பாள். எடை என்பது மிட்டாயின் எடை மட்டும், கவரைச் சேர்த்து அல்ல. பொதிந்த தேதி, எத்தனை நாள் நன்றாக இருக்கும், விலை, செய்தவர் முகவரி, 14 இலக்கமுள்ள உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும்.

எத்தனை நாள் நன்றாக இருக்கும் என்பதை ஊகித்து எழுதாதீர்கள். அடுத்த கவரைப் பார்த்தும் எழுதாதீர்கள். மழைக்காலத்தில் பத்துப் பாக்கெட் போட்டு வீட்டு அலமாரியில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதுங்கள். வாரம் ஒரு பாக்கெட்டைப் பிரித்து மோந்து பாருங்கள், கடித்துப் பாருங்கள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறாவது வாரம் நமுத்திருந்தால் கவரில் நான்கு வாரம் என்று போடுங்கள்.