எந்த நாட்டவர் நடேசய்யர்?



கடல் கடந்து வந்த ஒரு பத்திரிகையாளர் இத்தீவில் எதனால் நம்மவர் ஆகின்றார்? பிறந்த ஊரினாலா, பதிவுத் தாளினாலா, ஆற்றிய தொண்டினாலா? இவ்வினாவுக்கு விடை காண, கோ. நடேசய்யரின் வாழ்வை நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1887 இல் தஞ்சை மண்ணில் பிறந்த அந்தணர் அவர். வணிகர் சங்கத் தொடர்பினால் இலங்கைக்கு வந்தார். 1921 இல் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியரானார்; பின்னர்த் 'தேசபக்தன்' நடத்தினார். எழுத்தோடு அமைந்திருந்தால் கொழும்பிலே சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் மனமோ மலைநாட்டை நாடியது.

அன்றைய மலைநாட்டின் நிலை யாது? ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்லத் தொழிலாளிக்குத் 'துண்டு' வேண்டும். கடன் தீர்ந்தால் அவனை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. கடனோ கங்காணியின் கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் லயத்துக்குள் கால் வைக்க முடியாது. நடேசய்யர் துணி வணிகர் வேடம் பூண்டு உட்புகுந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவோடு இணைந்து சிங்களத் தொழிலாளரிடையேயும் அவர் பணியாற்றினார். அவ்வுறவு நிலைக்கவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகிய 1930களில், குணசிங்காவின் இயக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகவே திரும்பியது. நடேசய்யர் 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார், எழுத்தறியா மக்களும் உணரும்படி பாட்டாலே உரிமையை எடுத்துரைத்தார். 1936 இல் அட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

அன்பர்களே, தஞ்சாவூர்க்காரர், அந்தணர், வணிகரின் நண்பர் என்ற அடையாளங்கள் யாவும் அவரிடம் இருந்தன. எனினும் கொழுந்துக் கூடை சுமந்தவரின் துன்பத்தைத் தம் துன்பமாக ஏற்றபோதே அவர் இந்நாட்டவரானார் என்பது நம் துணிபு.

சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. அவர் 1947 இல் மறைந்தார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், உன் தந்தை எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார், அதற்குச் சான்று எங்கே என்று கேட்டது. லயத்திலே பிறந்து லயத்திலே மாண்டவரின் மக்கள் எந்தப் பதிவைக் காட்டுவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களைப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தனர். எஞ்சியிருந்தோரின் குறை தீர்க்கும் சட்டம் வருவதற்கு 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

குடியுரிமை வந்தது, காணி வந்ததா? மலையகத்தில் இன்றும் பல குடும்பங்கள் தம் பெயரில் ஒரு பேர்ச் நிலமுமின்றி லயத்திலேயே வாழ்கின்றன. உழவர்களே, உறுதி இல்லாத காணியின் துயரை உங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சட்டம் கற்றோரே, மருத்துவர்களே, ஆசிரியர்களே, அம்மக்களின் விண்ணப்பத்தை எழுதவும் வழக்கை எடுத்துரைக்கவும் உங்கள் கல்வி பயன்படட்டும். 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல் நம் நாவிலிருந்து அடியோடு நீங்கட்டும்.

தஞ்சையிலிருந்து வந்தவர் அம்மக்களைத் தம்மவர் என்றார். அதே தீவில், அதே மொழி பேசி வாழும் நாம் அவர்களை வேறு எவர் என்று சொல்லப் போகின்றோம்?