விமானிக்குத் துணை துணிச்சலா, கணக்கா?



நான் விமானி இல்லை, நிகழ்ச்சி படைப்பவள். ஆனால், என் அக்காள் மகன் பயிற்சி விமானி. சென்ற மாதம் ஒருநாள் பறக்காமலேயே வீடு திரும்பினான். "கட்டிய பணம் என்னாவது?" என்று அக்காள் கடிந்துகொண்டார். "சின்னம்மா, காற்றுக் கணக்கு ஒத்துவரவில்லை" என்று என்னிடம் சொன்னான். அது என்ன கணக்கு?

வேகமானி காட்டுவது காற்றோடு ஒப்பிட்ட வேகம். இறக்கையைத் தாங்குவது அதுதான். ஊர் போய்ச் சேரும் நேரத்தை முடிவு செய்வதோ தரைவேகம்.

200 கடல்மைல் தூரம், 100 நாட் வேகம் என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லையென்றால் 2 மணி நேரம். 20 நாட் எதிர்க்காற்று வீசினால் தரைவேகம் 80 நாட். பயணம் இரண்டரை மணி நேரமாகிவிடும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுமே, ஈடாகிவிடாதா என்பீர்கள். ஆகாது! திரும்பி வர 1 மணி 40 நிமிடம். இழந்தது 30 நிமிடம், கிடைத்தது 20 நிமிடம்தான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 2 மணி நேரப் பயணம், 30 நிமிடக் கையிருப்பு என்று எண்ணெய் நிரப்பிக் கிளம்பியவர், ஊரை எட்டும்போது தொட்டி காலி. கையிருப்பைக் காற்றே விழுங்கிவிட்டது.

சரி, வேகமானியே கைவிட்டால்? 2018 ஜூலை 18ஆம் நாள் இரவு, பிரிஸ்பனிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸ் ஏ330 விமானத்தில் அதுதான் நடந்தது. வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களில் குளவி கூடு கட்டாமலிருக்க உறை மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றாமலேயே விமானம் மேலெழுந்துவிட்டது. நம்பத்தக்க வேகம் தெரியாமல் பறந்து, 229 பேரோடு பத்திரமாக அங்கேயே திரும்பி இறங்கியது. வானத்தில் விமானிகள் காட்டிய திறமை பெரிது. ஆனால், தரையில் ஒருவர் விமானத்தைச் சுற்றிவந்து ஒழுங்காகப் பார்த்திருந்தால் அந்தத் திறமைக்கே வேலை இருந்திருக்காது.

தம்பி தங்கைகளே, கணக்கு இடித்தால் "இன்று பறக்கவில்லை" என்று சொல்லுங்கள். நண்பர்கள் கேலி செய்தால் செய்யட்டும். அப்படிச் சொல்வதற்கும் துணிச்சல் வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை பறக்காமல் வீடு திரும்பினால் பணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அக்காளும் இப்போது அப்படித்தான் கேட்கிறார்.