கும்பிடப் போன இடத்தில் கேட்க வேண்டியவை



இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்த அண்ணல் அம்பேத்கர், 1956இல்தான் நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். இடைப்பட்ட 21 ஆண்டுகளில் நூல்களை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை. 1936இல் அமிர்தசரஸில் சீக்கியர் மாநாட்டுக்குப் போனார். 1950இல் இலங்கைக்குப் போய், பௌத்தம் மக்களிடம் எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்தார்.

நாமும் போவோம். தேவாலயத்துக்குப் போனால் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா என்றும் கேளுங்கள். பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்பவர்களைப் பாருங்கள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

என் ஆய்வில் நான் விடாமல் கேட்பவை இவைதான். இதே கேள்விகளோடு நம் குலசாமி முன்னாலும் வந்து நில்லுங்கள். இங்கே முதல் மரியாதை யாருக்கு? சப்பரம் எந்தத் தெருவுக்கு வராது? பிறரிடம் கேட்டதை நம் வீட்டிலும் கேட்கும்போதுதான் நம் நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது என்று நமக்குத் தெரியும்.