தேனீ, குளவி கொட்டினால் என்ன செய்வோம்?

(படுவான்கரைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் ஆற்றிய உரை)



மலையகத்தில் கொழுந்து எடுக்கும் நம் உறவுகள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தியும், உயிர் இழந்த செய்தியும் அடிக்கடி வருகிறது. தென்னையிலும் மரமுந்திரிகையிலும் வேலை செய்யும் நமக்கும் அந்த ஆபத்து உண்டு. பற்றை வெட்டும்போது கத்தி கூட்டில் பட்டால் போதும்.

கூடு கலைந்தால் கையை வீசி அடிக்க வேண்டாம். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி, வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துவோம். வாவியில் குதிக்க வேண்டாம். தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், நஞ்சுப் பையும் அதோடு இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் பெரும்பகுதி நஞ்சு இறங்கிவிடும். அதனால் எதைக்கொண்டு எடுப்பது என்று தேடாமல், நகத்தாலேயே உடனே எடுத்துவிடுவோம். குளவி பெரும்பாலும் கொடுக்கை விடாது. திரும்பத் திரும்பக் கொட்டும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைப்போம். கையில் கொட்டினால் மோதிரம், காப்பைக் கழற்றுவோம். நோவுக்குப் பனடோல் போதும். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் பூச வேண்டாம். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் சில நாளில் வற்றிவிடும்.

ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சு முட்டல், தலைச்சுற்று, வாந்தி கண்டால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஒரே கொட்டிலும் இது வரலாம். சில நிமிடங்களில் உயிர் போகலாம். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. உடனே 1990க்கு அழைப்போம். அந்த அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை ஆளைப் படுக்க வைப்போம், நடக்க விட வேண்டாம். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைப்போம். வாய்க்குள் கொட்டினாலும், பல இடங்களில் கொட்டினாலும், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். நிறையக் கொட்டினால் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும். பிறகு சலம் கறுத்துப் போனாலோ குறைந்தாலோ திரும்பவும் போக வேண்டும்.

"இடையில் போனால் அரைப்பேர்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் நிற்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அரைநாள் சம்பளத்தைப் பிறகு கேட்டு வாங்கலாம், உயிரை வாங்க முடியாது. வேலையால் வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. கொட்டிய நாள், நேரம், இடம், கண்டவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரித் துண்டை எறியாதீர்கள்.

பற்றை வெட்டுமுன் கூடு இருக்கிறதா என்று பார்க்கவும், ஆளை ஏற்ற வாகனம் ஆயத்தமாக இருக்கவும் நிர்வாகத்திடம் கேட்போம். ஒருவராகக் கேட்டால் தட்டிவிடுவார்கள், சங்கமாகக் கேட்போம்.