நீர்க் கட்டணத்தின் வினைமுதல் யார்?



‘வீட்டு நீர்க் கட்டணம் உயர்த்தப்பட்டது’ என்னும் தொடரைச் செயப்பாட்டு வினைக்குச் சான்றாக நாம் காட்டுவதுண்டு. கட்டணம் எழுவாயாக நிற்கிறது. உயர்த்திய வினைமுதல் மறைந்து விடுகிறது. இலக்கணத்தில் இது குற்றமன்று. குடிமக்களுக்கோ இழப்பு.

2024 பிப்ரவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் உயர்ந்தது கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென். தொகை சிறிது, உயர்த்தியவர் யார் என்னும் வினா சிறிதன்று. முன்பு நீர் மாநிலத்தின் கையில் இருந்தது. வழங்கியதும் விலை குறித்ததும் ஒரே கை. 2005இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, 2006இல் சட்டங்கள் இயற்றப்பட்ட பின் வினைகள் பிரிந்தன. நீர் நிறுவனம் செலவைக் காட்டுகிறது; தேசிய நீர்ச் சேவைகள் ஆணையம் அதனை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது; அமைச்சர் விதிக்கிறார். பெயரில் ‘ஆணை’ உண்டு. கட்டணத்தைப் பொறுத்தவரை தொழிலோ பரிந்துரையே! சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு இது நகை தரலாம். கட்டணம் செலுத்துவோர்க்குத் தராது.

சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கசிவாலும் பிறவாற்றாலும் வருவாய் தராமலே போகிறது. அவ்விழப்பை நிறுவனம் ஏற்பதா, வீட்டார் ஏற்பதா? இதனை அஞ்சாமல் கேட்பதற்கே தனித்து இயங்கும் ஆணையம் வேண்டும். அது என்ன பரிந்துரைத்தது, அமைச்சர் எதனை ஏற்றார், எதனை மாற்றினார் என்பவை கட்டணம் உயரும் நாளிலேயே, நம் மொழியிலும், செய்வினைத் தொடர்களில் வெளிவர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.