காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வோம்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் கனன்றுகொண்டிருக்கும் நிலக்கரி நண்பர்களே! (சிரிப்பு) அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

பெருகிவரும் மின் தேவைக்குக் கைகொடுப்பது அனல் மின்சாரமா, காற்றும் கதிரும் தரும் மின்சாரமா? காற்றும் கதிருமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "ஐயா, காத்து நின்னா காத்தாடி நிக்கும், பொழுது சாஞ்சா சோலார் தகடு தூங்கும். ராத்திரி உங்க வீட்டு ஃபேன் ஓடறது எங்க நிலக்கரியிலதான்!" நியாயமான வாதம். பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

முதலில் அந்த நிலக்கரி வரும் அழகைப் பாருங்கள். ஒடிசாவில் ரயிலேறி, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்குகிறது. மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு வண்டிச் சத்தம் யாரும் கொடுக்க மாட்டாங்க! (சிரிப்பு) வந்து எரிந்தபின் சாம்பல் எங்கே போச்சு? கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் படிந்தது. வலைவீசுகிறவன் மீனைத் தேடுகிறான், சேறும் சாம்பலும் வருகிறது. அம்பத்தூருக்கு எண்ணூர் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். நம்ம வீட்டு விளக்கு எரிய அவங்க வீட்டு அடுப்பு அணையலாமா, நடுவர் அவர்களே? (கைதட்டல்)

காற்று நமக்குப் புதுசா? கரிகாலனின் முன்னோன் காற்றை ஏவல்கொண்டு கடலில் கலம் செலுத்தியதைப் புறநானூற்றில் பாடுகிறார் வெண்ணிக்குயத்தியார். 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் காற்றாலை நட்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்றை முப்பந்தலில் பிடித்தோம். இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல்!

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை வெயிலுக்குத்தானே ஏசி போடுறோம்? அந்த வெயிலையே வேலை வாங்குங்க! அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறை பகலில் ஓடுது, சூரியனும் பகலில் வருது. ரெண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட்! (கைதட்டல்) வீட்டு மாடிக்கு மூன்று கிலோவாட் தகடு போட்டால், 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் கிடைக்கும். அங்கே நாம வடாம் மட்டுமே காயவைக்கிறோம்!

சரி, ராத்திரிக்கு? 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றார்கள். தூற்றிய நெல்லைக் களத்திலேயே விட்டால் காக்கைக்குத்தான். குதிரில் சேர்த்தால் வருஷம் முழுக்கச் சோறு. மின்சாரத்துக்கும் குதிர் உண்டு. ஆனைமலையில் காடம்பாறை! மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்று நீரை மேலே ஏற்றுகிறார்கள். தேவைப்படும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். 1980களின் இறுதியிலிருந்து நடக்கிற வேலை ஐயா இது! அதோடு இப்போது பெரிய பெரிய மின்கலங்களும் வந்துவிட்டன.

நாளைக்கே அனல் நிலையங்களைப் பூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. குதிர்கள் போதாதவரை அவை இரவுக் காவல் இருக்கட்டும். ஆனால் இனி ஏறுகிற ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் இன்னொரு சாம்பல் மேடு வேண்டாம். காற்றும் கதிரும் தயாராக இருக்கின்றன. நாம் கட்டவேண்டியது குதிர்!

எண்ணூர்க்காரர் வலையில் மீன் விழும்படி, காற்றும் கதிருமே என்று தீர்ப்பளிக்க வேண்டிக்கொண்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)